காரைக்குடியிலிருந்து கோலாலம்பூர், மூன்று ராத்திரி: சின்னப் பிள்ளைகளோடு போகலாமா?

போகலாம். ஐந்து வயதில் ஒன்று, இரண்டரை வயதில் ஒன்று, அப்பா, அம்மா என்று நாலு பேர் கணக்கு. திருச்சியில் ஏறி, கோலாலம்பூரில் மூன்று ராத்திரி தங்கித் திரும்பிவர ஒரு லட்ச ரூபாயை ஒட்டிச் செலவாகும். வெளிநாட்டுக்குக் குடும்பத்தோடு போய்வர இது நியாயமான தொகைதான். ஆனால் பயணம் இனிப்பதும் கசப்பதும் டிக்கெட்டில் மிச்சம் பிடிக்கும் ஆயிரம் ரூபாயில் இல்லை. விமானம் எத்தனை மணிக்குத் தரையிறங்குகிறது, தங்கும் அறை எந்த ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்ற இரண்டில்தான் இருக்கிறது. இவை இரண்டும் சரியாக அமைந்துவிட்டால் மற்றதையெல்லாம் சமாளித்துவிடலாம்.

செட்டிநாட்டுக்கு மலாயா புது ஊர் இல்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறி நாள்கணக்கில் கடலில் போய், மூன்று வருஷக் கணக்குக்குக் கிட்டங்கியில், அதாவது வட்டிக்கடையும் தங்குமிடமுமான கட்டடத்தில், படுத்து எழுந்து வந்தவர்களின் பேரன் பேத்திகள்தான் இன்று நாலு மணி நேரத்தில் போய் இறங்குகிறார்கள். அந்தக் கிட்டங்கிகள் இருந்த லெபோ அம்பாங் தெரு, மஸ்ஜித் ஜாமெக் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பத்து நிமிஷம் அந்தப் பக்கம் நடந்துவிட்டு வரலாம்.

சிங்கப்பூரா, கோலாலம்பூரா என்ற கேள்வியை முதலில் முடித்துவிடலாம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்குச் சிங்கப்பூர் விசா கேட்கிறது. விண்ணப்பத்துக்குத் தலைக்கு 30 சிங்கப்பூர் வெள்ளி, கைக்குழந்தைக்கும் அதேதான். அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் வழியாகத்தான் போட வேண்டும் என்பதால் அவருடைய கூலியும் சேரும். மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா இல்லாமல் அனுமதிக்கிறது. இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அறை வாடகையிலும் இரண்டு ஊருக்கும் பெரிய இடைவெளி. நாலு பேர் நிம்மதியாகப் படுக்கிற அறைக்குச் சிங்கப்பூரில் கொடுக்கிற பணத்தில் கோலாலம்பூரில் சமையலறையும் நீச்சல் குளமும் உள்ள சர்வீஸ் அபார்ட்மென்ட் கிடைக்கும். ஒரு விஷயத்தில் மட்டும் சிங்கப்பூருக்கு ஈடில்லை. அங்கே எம்ஆர்டி என்கிற மெட்ரோ ரயில் நிலையங்களில் லிஃப்ட் இருக்கிறது, நடைபாதை சமமாக இருக்கிறது. சக்கர நாற்காலியில் உட்கார்கிற அப்பத்தாவையோ ஆயாவையோ சேர்த்துக் கூட்டிப் போவதானால், கூடுதல் செலவைப் பார்க்காமல் சிங்கப்பூருக்கே போங்கள். போகும்போது கசகசா அரைத்துச் சேர்த்த மசாலாப் பொடியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அந்த நாட்டில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள்.

விமானம்

செட்டிநாட்டுக்காரர்களுக்குத் திருச்சி விமான நிலையத்தில் ஒரு வசதி உண்டு. அது புதுக்கோட்டை ரோட்டில் இருக்கிறது. திருமயம், புதுக்கோட்டை, கீரனூர் வழியாக வந்தால் திருச்சி ஊருக்குள் நுழையாமலே விமான நிலைய வாசலில் இறங்கிவிடலாம். காரைக்குடியிலிருந்து காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். 2024 ஜனவரியில் திறந்து வைக்கப்பட்ட புதிய முனையம் விசாலமாக இருக்கிறது. பழைய கட்டடத்தில் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு நெரிசலில் நின்றதெல்லாம் இப்போது இல்லை.

ஏர் ஏசியா, பாத்திக் ஏர் இரண்டும் திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேராகப் பறக்கின்றன. போக வரத் தலைக்குப் பத்தாயிரத்திலிருந்து இருபதாயிரம் வரை ஏறி இறங்கும். பொங்கல், தீபாவளி, மே மாதம் என்றால் அதையும் தாண்டும். காலாண்டு விடுமுறைக்குப் போவதாக இருந்தால் ஜூன் மாதத்திலேயே டிக்கெட் எடுத்துவிடுவது நல்லது.

டிக்கெட் போடும்போது எல்லோரும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. திரையில் கண்ணுக்கு முதலில் படுகிற மலிவான விலை பெரும்பாலும் நடுராத்திரி விமானத்துக்குத்தான். பன்னிரண்டு மணிக்குத் திருச்சியில் ஏறினால், நாலு மணி நேரப் பறப்பும் இரண்டரை மணி நேர வித்தியாசமும் சேர்ந்து, அங்கே காலை ஆறரைக்கு இறங்குவீர்கள். குடிநுழைவு வரிசையெல்லாம் முடிந்து ஊருக்குள் வந்து சேர ஒன்பது மணி ஆகும். அறைச் சாவியோ மதியம் இரண்டு மணிக்கு, சில இடங்களில் மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். ராத்திரி முழுக்கத் தூங்காத பிள்ளைகளோடு ஐந்து ஆறு மணி நேரம் ஹோட்டல் வரவேற்பறை சோபாவிலும் மால் நாற்காலியிலும் கிடக்க வேண்டும். அன்றைக்குப் பிள்ளை அழத் தொடங்கினால் அடுத்த நாளும் அந்த அசதி தொடரும். அந்த விமானத்தில் தலைக்கு இரண்டாயிரம் மிச்சமானாலும் ஒரு முழு நாளைப் பறிகொடுக்கிறீர்கள். காலை விமானம் கிடைத்தால் அதில் போங்கள். அங்கே மதியம் இறங்கி நேராக அறைக்குப் போய்விடலாம். நடுராத்திரி விமானம்தான் கிடைக்கிறது என்றால் முந்தின ராத்திரிக்கும் சேர்த்து அறை எடுத்துவிட்டு, “காலை ஒன்பது மணிக்குத்தான் வருவோம், அறையை ரத்துச் செய்துவிட வேண்டாம்” என்று ஹோட்டலுக்கு எழுதிச் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு ராத்திரி வாடகை வீண் செலவு அல்ல.

இரண்டு வயது நிறையாத குழந்தை மடியில் உட்காரலாம், அதற்குத் தனிக் கட்டணம் மட்டும் உண்டு. போகும்போது ஒன்றே முக்கால் வயது என்றால் கவலையில்லை. திரும்பும் தேதிக்குள் இரண்டு வயது நிறைந்துவிட்டால் திரும்பும் விமானத்துக்கு மட்டும் தனி சீட்டு வாங்க வேண்டும். இதைக் கவனிக்காமல் கவுன்ட்டரில் போய் நின்றால் அன்றைய விலைக்குத்தான் சீட்டு கிடைக்கும். கையில் கொண்டு போகிற பை தலைக்கு ஏழு கிலோ. சீட்டு வாங்கிய பிள்ளைக்கும் அந்த ஏழு கிலோ உண்டு. ஆனால் நாலு பையையும் தூக்க நாலு கைகள்தான் இருக்கின்றன, அதில் இரண்டு கைகள் பிள்ளைகளைப் பிடிக்க வேண்டும். குடும்பத்துக்கு மொத்தமாக ஒரே ஒரு 20 கிலோ பெட்டியை முன்பதிவில் வாங்கிக்கொண்டு, மற்றபடி முதுகுப் பை மட்டும் போதும். வாசலில் எடை போட்டு அதிகம் என்று பிடித்தால், முன்பதிவில் கொடுப்பதைவிடப் பல மடங்கு கட்டணம் கேட்பார்கள்.

டிக்கெட் பதிவுப் பக்கத்தில் சாப்பாடு, காப்பீடு, சீட் என்று தானாகவே சேர்ந்து நிற்பதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்து எடுங்கள். சீட்டை மட்டும் காசு கொடுத்துத் தேர்ந்தெடுக்கலாம். இந்த விமானங்களில் ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் மூன்று இருக்கைகள். ஒரு பக்க மூன்றில் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும், நடைவழிக்கு அந்தப் பக்கம் அப்பா என்று உட்கார்ந்தால் கைமாற்ற வசதி. தண்ணீரும் விலைக்குத்தான். காலிப் பாட்டிலைக் கொண்டுபோய்ப் பாதுகாப்புச் சோதனை முடிந்ததும் நிரப்பிக்கொள்ளுங்கள். விமானம் இறங்கத் தொடங்கும்போது, அதாவது தரை தொட அரை மணி நேரம் இருக்கையில், பிள்ளைகளை எழுப்பி ஏதாவது குடிக்கக் கொடுக்க வேண்டும். விழுங்கிக்கொண்டே இருந்தால் காது அடைக்காது. தூங்குகிற பிள்ளையைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று விட்டுவிட்டால் காதுவலியில் கத்திக்கொண்டே எழும்.

காகிதங்கள்

எல்லோருடைய பாஸ்போர்ட்டிலும் இன்னும் ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டும். சிறுபிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருஷத்துக்குத்தான் என்பதால், பெரியவர்களுடையது சரியாக இருக்கும்போது பிள்ளையுடையது மட்டும் காலாவதியாகிக் கிடக்கும். புதிதாக எடுக்கக் கட்டணம் 1000 ரூபாய், எட்டு வயதுக்குக் கீழே பத்து சதவீதம் தள்ளுபடி. நாலு வயது நிறையாத குழந்தை என்றால் வெள்ளைப் பின்னணியில் எடுத்த பாஸ்போர்ட் அளவுப் படத்தைக் கையோடு கொண்டு போங்கள். அப்பா, அம்மா இருவரும் கையெழுத்திட்ட இணைப்பு ‘டி’ உறுதிமொழியும் வேண்டும். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் மதுரை அலுவலக எல்லை. பொன்னமராவதி, ராயவரம் பக்கம் திருச்சி. இப்போது எந்த ஊரில் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம் என்பதால் எங்கே முதலில் தேதி கிடைக்கிறதோ அங்கே போடுங்கள்.

மலேசியாவுக்கு மின்னணு வருகை அட்டை கட்டாயம். போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள், மலேசியக் குடிநுழைவுத் துறையின் சொந்தத் தளத்தில் ஆளுக்கு ஒன்றாக நிரப்ப வேண்டும். மடியில் இருக்கும் குழந்தைக்கும் தனி அட்டை. இதற்குக் காசு கிடையாது. தேடினால் முதலில் வருகிற தளங்களில் சில கட்டணம் கேட்கும். அங்கே பணம் கட்டாதீர்கள். திரும்பும் டிக்கெட், அறைப் பதிவு இரண்டையும் தாளில் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதிகாரி கேட்கும் நேரத்தில் போன் சார்ஜ் இறங்கியிருந்தால் தாள்தான் கைகொடுக்கும். அப்பா வேலையில் மாட்டிக்கொண்டு அம்மா மட்டும் பிள்ளைகளைக் கூட்டிப் போவதானால், பிறப்புச் சான்றிதழும் அப்பாவின் சம்மதக் கடிதமும் பையில் இருக்கட்டும்.

இறங்கியதும்

ஏர் ஏசியா இரண்டாவது முனையத்தில் இறங்கும். அங்கே நடை நீளம். ஸ்ட்ரோலரை விமான வாசல் வரை தள்ளிக்கொண்டு போக விடுவார்கள், ஆனால் இறங்கும்போது அது பல சமயம் பெட்டிகளோடு பெல்ட்டில்தான் வரும். குடிநுழைவு வரிசை முடியும் வரை குழந்தையைத் தூக்கித்தான் ஆக வேண்டும். இடுப்பில் கட்டுகிற தாங்கிப் பை ஒன்று இருந்தால் இந்த ஒரு மணி நேரமும், பத்து மலை முருகன் கோயிலில் படியேறுகிற ஒரு மணி நேரமும் ஓடிவிடும்.

ஊருக்குள் போக மூன்று வழி. கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் ரயில் பெரியவருக்கு 55 ரிங்கிட், ஆறு வயதுக்குக் கீழே கட்டணமில்லை. இரண்டாவது முனையத்திலிருந்து ஊரின் பெரிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலுக்கு 33 நிமிஷம். பஸ் மிக மலிவு, ஆனால் ஒரு மணி நேரம் ஆகும். போன் செயலியில் கூப்பிடுகிற கிராப் வாடகைக் கார் சாலைச் சுங்கத்தோடு 75 முதல் 100 ரிங்கிட் வரை கேட்கும், அறை வாசலிலேயே இறக்கிவிடும். ஒற்றை ஆளுக்கு ரயில் நல்லது. இரண்டு பெரியவருக்கு ரயிலில் 110 ரிங்கிட் ஆகிவிடுவதால், குடும்பத்துக்குக் கிராப்தான் மலிவு, கிராப்தான் வசதி. கிராப் செயலியை ஊரிலேயே இறக்கி, இந்திய எண்ணில் வருகிற ஓடிபியைப் போட்டு, கார்டையும் சேர்த்து முடித்துவிட்டுக் கிளம்புங்கள். அங்கே போய் சிம் மாற்றிய பிறகு ஓடிபி வராது. பெரும்பாலோர் தடுமாறுவது இதில்தான்.

தங்குமிடம்

கேஎல் சென்ட்ரல் – பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதிக்கு எங்கள் முதல் ஓட்டு. காரணம் மூன்று. பத்து மலைக்குப் போகும் கொம்யூட்டர் ரயில் அங்கிருந்தே போகிறது. கெலானா ஜெயா தடத்தில் ஓடும் எல்ஆர்டி நகர ரயிலில் ஏறினால் பசார் செனி, மஸ்ஜித் ஜாமெக், டாங் வாங்கி, கம்போங் பாரு, அடுத்தது இரட்டைக் கோபுரம் இருக்கிற கேஎல்சிசி. வண்டி மாறவே வேண்டாம். மூன்றாவது காரணம் சாப்பாடு. கீழே இறங்கினால் இட்லி, தயிர்சாதம், வாழையிலைச் சாப்பாடு. காலையில் கண் விழித்ததும் இட்லி கேட்கிற பிள்ளைக்கு அதைக் கொடுத்துவிட முடிகிற வெளிநாட்டு ஊர்கள் எத்தனை இருக்கின்றன? குறை என்னவென்றால் ரோட்டோர அறைகளில் ராத்திரியும் சத்தம் இருக்கும். பதினைந்தாவது மாடிக்கு மேலே, ரோட்டைப் பார்க்காத அறையாகக் கேளுங்கள்.

புக்கிட் பிந்தாங் பகுதி வெளிச்சமும் கடைகளுமாக இருக்கும். பெவிலியன் மாலிலிருந்து கேஎல்சிசி மாநாட்டு மையம் வரை குளிரூட்டிய மேல்நடைபாதை இருப்பதால் வெயிலும் மழையும் படாமல் ஸ்ட்ரோலரைத் தள்ளிப் போகலாம். ஆனால் ராத்திரி நெரிசல் அதிகம், சின்னப் பிள்ளைகளுக்குத் தகுந்த இடமாகத் தோன்றவில்லை.

நாலு பேருக்குச் சர்வீஸ் அபார்ட்மென்ட் ஒரு ராத்திரிக்கு 200 ரிங்கிட்டை ஒட்டிக் கிடைக்கும். பதிவு செய்வதற்கு முன் பார்க்க வேண்டியது நட்சத்திரக் குறியை அல்ல. துணி துவைக்கும் இயந்திரம் அறைக்குள்ளேயே இருக்கிறதா, நிலையத்திலிருந்து எத்தனை நிமிஷ நடை, நடுவில் படிக்கட்டுப் பாலம் உண்டா என்றுதான் பார்க்க வேண்டும். இயந்திரம் இருந்தால் ஆளுக்கு மூன்று உடுப்பு போதும், பெட்டி பாதியாகிவிடும். வாடகைக்கு மேலே வெளிநாட்டவருக்கு ஒரு அறைக்கு ஒரு ராத்திரிக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. 2017 முதல் வாங்குகிறார்கள். பதிவுத் தளத்தில் காட்டிய தொகையில் இது சேர்ந்திருக்காது. முன்பணமாகவும் ஒரு தொகை பிடித்து, கிளம்பும்போது திருப்பிக் கொடுப்பார்கள். அதற்கு ரசீது வாங்கி வையுங்கள். நம் ஊர் பிளக் அங்கே நுழையாது. மூன்று சதுர ஊசி வைத்த பிரிட்டிஷ் மாதிரி அடாப்டர் இரண்டு எடுத்துப் போங்கள்.

நேரக் கணக்கு

பயணத் திட்டம் போட்டுக் கொடுக்கிற யாரும் இதைச் சொல்வதில்லை. கோலாலம்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. அங்கே காலை ஏழு மணி என்றால் பிள்ளையின் உடம்புக்கு அது விடிகாலை நாலரை. அங்கே ராத்திரி ஒன்பது என்றால் அதற்குச் சாயங்காலம் ஆறரை. ஆகவே “வெயிலுக்கு முன்னே கிளம்புங்கள்” என்ற அறிவுரை முதல் இரண்டு நாளைக்குச் செல்லாது. இழுத்து எழுப்பினால் பத்து மணிக்குள் முகம் தொங்கிவிடும். மூன்றே ராத்திரிக்காகப் பிள்ளையின் தூக்கத்தை மாற்றப் பார்க்காதீர்கள். ஒன்பதரைக்கு எழட்டும், பத்தரைக்குக் கிளம்புங்கள், மதியம் இரண்டிலிருந்து நாலரை வரை அறையில் தூக்கமும் நீச்சல் குளமும், சாயங்காலம் ஐந்திலிருந்து ராத்திரி பத்து வரை வெளியே. அங்கே ஏழேகால் வரை வெளிச்சம் இருக்கும். மதியம் மூன்று மணிக்கு மேல் இடியோடு கொட்டுகிற மழைக்கும் இந்தக் கணக்கு ஒத்துப்போகிறது, கொட்டுகிற நேரத்தில் நீங்கள் அறையில் இருப்பீர்கள். நேரம் பழகிவிடுவதால் பத்து மலையைக் கடைசி முழு நாளில் வையுங்கள்.

எதைப் பார்ப்பது

ஒரு நாளைக்கு ஒன்று போதும். சாயங்காலம் வேண்டுமானால் இன்னொன்று.

கேஎல்சிசி பூங்கா. எங்கள் கணக்கில் இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த இடம் இதுதான், இதற்குக் காசும் கிடையாது. இரட்டைக் கோபுரத்தின் காலடியில் 50 ஏக்கர். பிள்ளைகள் ஏறி இறங்கப் பெரிய விளையாட்டுத் திடல், முழங்கால் அளவு தண்ணீரில் குதிக்க ஒரு குளம், ராத்திரி எட்டு மணிக்கு விளக்கோடு நீரூற்று. மாற்று உடையும் துண்டும் கொண்டு போங்கள். கோபுரத்தின் உள்ளே ஏறுகிற டிக்கெட்டைத் தாராளமாக விட்டுவிடலாம். ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கோபுரம் கீழிருந்து அண்ணாந்து பார்க்கத்தான் அதிசயம், மேலே போனால் அது கண்ணிலேயே படாது.

மழை விடாமல் பெய்தால் அதே வளாகத்தில் பெட்ரோசைன்ஸ் அறிவியல் மையம் இருக்கிறது, திங்கட்கிழமை விடுமுறை. மாநாட்டு மையத்தின் கீழே அக்வேரியா. அங்கே தலைக்கு மேலே சுறா நீந்துகிற 90 மீட்டர் சுரங்கப் பாதை பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அக்வேரியா, பறவைப் பூங்கா போன்ற இடங்களில் மைகாட் என்கிற அடையாள அட்டை வைத்திருக்கும் மலேசியருக்கு ஒரு விலை, மற்றவருக்கு அதைவிட அதிகமான விலை. அதனால் இரண்டில் ஒன்று மட்டும் போங்கள். நம் தேர்வு பறவைப் பூங்கா. ஏறக்குறைய 21 ஏக்கரில் வலை போர்த்திய காடு அது. மயிலும் கொக்கும் நம் காலடியில் நடக்கும். கேஎல் சென்ட்ரலிலிருந்து வரைபடத்தில் பக்கமாகத் தெரிந்தாலும் நடந்து போகாதீர்கள், பெரிய ரோடுகளைக் கடக்க வேண்டும். கிராப்பில் சொற்ப ரிங்கிட்டுதான்.

பத்து மலை. கொம்யூட்டரில் அரை மணிக்குச் சற்று மேல். ரயிலில் இளஞ்சிவப்புக் குறி போட்ட பெட்டி பெண்களுக்கு மட்டும். அப்பா கூட இருப்பதால் வேறு பெட்டியில் ஏறுங்கள். 2006-ல் எழுப்பிய 42.7 மீட்டர் முருகன் சிலையைத் தாண்டினால் 272 படிகள். ஐந்து வயதுப் பிள்ளை தானாக ஏறிவிடும். இரண்டரை வயதுப் பிள்ளை ஐம்பதாவது படியில் கையைத் தூக்கும், மிச்சம் 222 படியும் அப்பாவின் தோளில்தான். ஸ்ட்ரோலரை அறையிலேயே விட்டுவிடுங்கள். படிகள் செங்குத்து, மழை பெய்திருந்தால் இறங்கும்போது வழுக்கும். குரங்குகள் பிளாஸ்டிக் பையைக் கண்டால் பிடுங்கும்; பிஸ்கட், பால் பாட்டில், பழம் எல்லாம் ஜிப் போட்ட பைக்குள் இருக்க வேண்டும், பிள்ளையின் கையில் ஒன்றும் இருக்கக் கூடாது. முழங்கால் மூடிய உடை வேண்டும். தைப்பூச வாரத்தில் மட்டும் சின்னப் பிள்ளைகளோடு போக வேண்டாம். பழனிக்குக் காவடி எடுத்து நடக்கிற நம் ஊர்க்காரர்களுக்குத் தைப்பூசக் கூட்டம் என்னவென்று தெரியும், அங்கேயும் அப்படித்தான்.

நேரமிருந்தால் பசார் செனியில் இறங்கி 1873-ல் தொடங்கிய மகா மாரியம்மன் கோயில். அரை மணி நேரம் போதும்.

கெந்திங் மலைக்கு ஏழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைக் கூட்டிப் போக வேண்டாம். வளைந்து வளைந்து ஏறுகிற ரோட்டில் வாந்தி, மேலே குளிர், பெரிய விளையாட்டுகளுக்கு உயரக் கட்டுப்பாடு. போக வர ஒரு நாள் முழுதும் போய்விடும். பினாங்கு அருமையான ஊர்தான், ஆனால் ரயிலில் நாலு மணி நேரத்துக்கு மேலாகும். அதைத் தனிப் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு

மாமாக் கடை எனப்படும் தமிழ் முஸ்லிம் உணவகத்தில் ரொட்டி சானாய் என்கிற பரோட்டாவும் பருப்புக் குழம்பும் பிள்ளைகள் மறுக்காமல் சாப்பிடுகிற சாப்பாடு. காரம் வேண்டாம் என்றால் “தாக் மாவ் பெடாஸ்”, சர்க்கரை குறைவாக என்றால் “குராங் மானிஸ்”. தே தாரிக் என்கிற ஆற்றிய டீயிலும் மைலோவிலும் கெட்டிப்பாலும் சர்க்கரையும் தாராளமாக ஊற்றுவார்கள், சொல்லாவிட்டால் பிள்ளைக்கு அது மிகவும் தித்திப்பு. வெதுவெதுப்பான தண்ணீர் வேண்டுமானால் “ஆயர் சுவாம்” என்று கேளுங்கள், எந்தக் கடையிலும் முகம் சுளிக்காமல் கொடுப்பார்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மலாய்க் கடைகளில் கீரையும் காயும் வதக்கும்போது பெலாச்சான் என்கிற இறால் விழுது சேர்ப்பது வழக்கம். பார்க்கக் கீரைதான், ருசியில் இறால். பிரிக்ஃபீல்ட்ஸ் சைவக் கடைகளில் இந்தப் பயம் இல்லை.

ஊரிலிருந்து சீப்புச்சீடை, தேன்குழல், மாவுருண்டை இரண்டு டப்பா போதும். பழம், செடி, இறைச்சி கொண்டு போகாதீர்கள், சுங்கத்தில் பிரச்சினை ஆகும். டயப்பரும் பாலும் அங்கே எந்த மூலைக் கடையிலும் கிடைக்கும், முதல் நாளுக்கு மட்டும் எடுத்துப் போனால் போதும். காய்ச்சல் சிரப், ஓஆர்எஸ், டாக்டர் சீட்டு இவை கைப்பையில் இருக்க வேண்டும், பெட்டியில் அல்ல.

பணம்

கணக்குக்காக ஒரு ரிங்கிட்டை இருபது ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம், அன்றைய விலை கூடவும் செய்யலாம். அறை மூன்று ராத்திரிக்கு வரியோடு 630, விமான நிலையக் கிராப் போக வர 160, சாப்பாடு 350, ஊருக்குள் ரயிலும் கிராப்பும் 100, நுழைவுக் கட்டணங்கள் 250, சிம் 40. மொத்தம் 1530 ரிங்கிட், ஏறக்குறைய 31,000 ரூபாய். நாலு டிக்கெட் தலைக்குப் பதினைந்தாயிரம் என்றால் 60,000. திருச்சிக்கு வாடகைக் கார், பெட்டிக் கட்டணம், பயணக் காப்பீடு சேர்ந்து பத்தாயிரத்துக்குள். காப்பீட்டை விடாதீர்கள். நாலு பேருக்கும் சேர்த்து ஆகும் தொகை சிறியது, வெளிநாட்டில் ஒரு ராத்திரி ஆஸ்பத்திரி வாடகை பெரியது.

முதல் நாளுக்கு 300 ரிங்கிட் ரொக்கமாக ஊரிலேயே மாற்றிக்கொள்ளுங்கள், விமான நிலையக் கவுன்ட்டரில் விலை எப்போதும் மட்டம். மீதியை மஸ்ஜித் இந்தியா பகுதிப் பணமாற்றுக் கடைகளில் இரண்டு மூன்றில் விசாரித்து மாற்றலாம். இந்திய நோட்டு ஆளுக்கு 25,000 ரூபாய்க்கு மேல் நாட்டை விட்டுக் கொண்டு போகக் கூடாது. ரயில் டோக்கன் இயந்திரம் சின்ன நோட்டுகளைத்தான் வாங்கும், ஒன்றும் ஐந்துமாகச் சில்லறை வைத்திருங்கள்.

பேக்கேஜ் வாங்கலாமா?

“மூன்று ராத்திரி நாலு நாள், எல்லாம் அடக்கம்” என்று விற்கிற பேக்கேஜ்களில் வழக்கமாக இருப்பவை: காலை எட்டு மணிக்குப் பஸ், பத்து மலையில் படம் எடுக்க முக்கால் மணி, புத்ராஜெயா, கெந்திங், நடுவில் சாக்லேட் கடை. எட்டு மணி என்பது பிள்ளைக்கு ஐந்தரை மணி. மற்றக் குடும்பங்களை ஒவ்வொரு ஹோட்டலாக ஏற்றிக்கொண்டு போவதால் முதல் ஒரு மணி நேரம் பஸ்ஸுக்குள்ளேயே கழியும். மதியத் தூக்கத்துக்கு இடமே கிடையாது. விலையிலும் பெரிய லாபம் தெரியவில்லை. ஜிஎஸ்டியும், விற்பவரே முன்கூட்டிப் பிடிக்கிற டிசிஎஸ் வரியும் மேலே சேரும். டிசிஎஸை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்றாலும் அதுவரை பணம் முடங்கியிருக்கும். டிக்கெட்டையும் அறையையும் தனித்தனியே நாமே வாங்கினால் அந்தப் பிடித்தம் இல்லை. எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள், முதல் வெளிநாட்டுப் பயணம், வழியும் மொழியும் தெரியாத பயம் என்றால் பேக்கேஜ் சரி. மழலைகளோடு போகிறவர்கள் வாங்க வேண்டாம்.

திரும்பும் நாள்

அறையைப் பன்னிரண்டு மணிக்குக் காலி செய்யச் சொல்வார்கள். விமானம் ராத்திரி என்றால் அந்த இடைவெளியை முன்பே நினைத்து வையுங்கள். கூடுதலாக ஒரு பாதி நாள் வாடகை கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் கொடுப்பார்கள். கொடுக்காவிட்டால் பெட்டியை வரவேற்பறையில் போட்டுவிட்டு, நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் குளியலறை இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளைக் குளிப்பாட்டி உடை மாற்றிக் கிளம்பலாம். விமானத்துக்கு நாலரை மணி நேரம் முன்பாகவே ஊரை விட்டுப் புறப்பட வேண்டும். சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை நெடுஞ்சாலை நகராது, மழையும் சேர்ந்தால் கிராப் கிடைக்கவே அரை மணி ஆகும். பெட்டி போடும் கவுன்ட்டரைப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு மூடிவிடுவார்கள், பிள்ளை இருக்கிறது என்று கெஞ்சினாலும் திறக்க மாட்டார்கள்.

திருச்சிக்கு வந்து சேர்கிற நேரத்தைக் கார்க்காரரிடம் சொல்லும்போது விமானம் இறங்குகிற நேரத்தைச் சொல்லாதீர்கள், அதற்கு ஒரு மணி நேரம் கழித்துச் சொல்லுங்கள். குடிநுழைவும் பெட்டியும் முடிய அவ்வளவு ஆகும், காத்திருப்புக் கட்டணம் மிச்சம். போகும்போது காரிலேயே ஒரு போர்வையும் இரண்டு சின்னத் தலையணையும் கொடுத்தனுப்பி, திரும்ப வரும் வண்டியில் அவற்றை எடுத்து வரச் சொல்லுங்கள். கீரனூர் வருவதற்குள் பிள்ளைகள் தூங்கிவிடும்.